வாசகர் கேள்வி–பதில்: கொடுவாக் குஞ்சு தூள் உணவுக்கு எப்போது தயாராகிறது?

சென்ற இதழில் கொடுவா மீனின் குஞ்சு வளர்ப்பைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கட்டத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீருயிரையும், டின்னில் வரும் முட்டைகளிலிருந்து பொரிக்கவைக்கும் ஆர்டீமியா என்னும் சிறு உப்புநீர் உயிரையும் உயிரோடு தின்று வளர்ந்த நுண்குஞ்சுகளைத் தூள் உணவுக்கும் குறுணைக்கும் பழக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில்தான் இழப்பு மிகுதி என்பதால் அதில் வியப்பில்லை. இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சிறு பொரிப்பகத்தில் கொடுவா நுண்குஞ்சுகளுக்குப் பொரிந்த 13ஆம் நாளிலேயே ஆர்டீமியாவை வெகுவாகக் குறைத்து, 55 விழுக்காடு புரதமுள்ள தூள் உணவைக் கொடுக்கத் தொடங்கினோம். குஞ்சுகள் ஆவலாகவே தின்றன, வயிறும் நிறைந்திருந்தது. ஆனாலும் ஒரு வாரத்திற்குள் பெரும்பகுதி மெலிந்து இறந்துவிட்டது. உணவில் குறையா, எங்கள் வேலையில் குறையா?
— வாசகர், சீர்காழி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னுடைய பழைய தொட்டி ஒன்று கண்முன் வந்து நின்றது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பொரிப்பகத்தில் ஆர்டீமியா டின்கள் வந்துசேரத் தாமதமானதால், 14ஆம் நாளில் தூள் உணவுக்கு மாறினோம். மறுநாள் காலையில் கண்ணாடிக் குவளையில் சில குஞ்சுகளை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆர்டீமியா தின்றிருந்தால் செம்மஞ்சளாகத் தெரிகின்ற குடல் அன்று பழுப்பாக நிறைந்திருந்தது. பழகிவிட்டன என்று மகிழ்ந்துபோனேன். மூன்றாம் நாள் தொட்டியின் அடியில் உறிஞ்சு குழாய் வைத்தபோது, கழிவாக வந்த மெல்லிய இழைகளில் நாங்கள் போட்ட தூள் போட்டபடியே இருந்தது. ஐந்தாம் நாள் தலை பெருத்து, வயிறு ஒட்டி, ஊசிபோல நின்ற குஞ்சுகள் மூலையில் ஒதுங்கின. தின்றுகொண்டே பட்டினி கிடந்து அவை செத்தன.

காரணம் குஞ்சின் வயிற்றில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வயதில் அதற்கு இரைப்பையே இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் கொடுவா ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வாய் திறக்கும்போது அதன் உணவுப்பாதை நேரான ஒரு குழாய்தான். நம் வயிற்றில் புரதத்தை முதலில் உடைக்கின்ற அமிலமும் பெப்சின் நொதியும் அதனிடம் கிடையாது. கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் போன்ற நொதிகளைக் கொண்டு காரத்தன்மையுள்ள குடலில் ஓரளவு செரித்து, எஞ்சிய புரதத் துகள்களைப் பின்குடலின் செல்கள் அப்படியே விழுங்கி உள்ளே வைத்து உடைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கடற்கரையின் வெதுவெதுப்பான நீரில், ஏறத்தாழ 13ஆம் நாளையொட்டி இரைப்பை வடிவம் பெறத் தொடங்குகிறது. அதில் அமிலம் சுரந்து வேலை செய்யத் தொடங்குவது 17ஆம் நாளையொட்டியே. நன்கு வலுப்பெற இன்னும் சில நாட்கள் பிடிக்கும். நீரின் வெப்பம் குறைந்தாலோ, முன்பு சரியாகத் தீனி கிடைக்காமல் வளர்ச்சி பின்தங்கினாலோ இந்த நாட்களும் தள்ளிப்போகும்.

உயிருணவு மட்டும் அந்தக் குழாய்க்குள் எப்படிச் செரிக்கிறது என்று கேட்கலாம். ரோட்டிஃபர், ஆர்டீமியா ஆகியவற்றின் உடலில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். புரதத்தின் பெரும்பகுதி கரையக்கூடிய நிலையில் இருப்பதோடு, அமினோ அமிலங்கள் தனித்தனியாகவும் கிடக்கின்றன. மெல்லிய தோல் கிழிந்தால் போதும், உள்ளிருப்பது கூழாகிவிடுகிறது. தூள் உணவிலோ ஈரம் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அதிலுள்ள மீன்மாவின் புரதம் வெந்து, உலர்ந்து, இறுகிப்போனது. அதை அவிழ்க்க அமிலம் வேண்டும். 55 விழுக்காடு என்று பையில் அச்சிட்டிருப்பது உணவில் உள்ள புரதத்தின் அளவு. 13ஆம் நாள் குஞ்சால் அதில் எவ்வளவை எடுத்துக்கொள்ள முடியும் என்பதைப் பை சொல்வதில்லை. ஆகவே உங்கள் உணவில் குறை இருந்திருக்க வேண்டியதில்லை. நாள் முந்திவிட்டது.

இந்தத் தொழிலில் உள்ளவர்கள் இதைத் ‘தாய்ப்பால் மறக்கடிப்பது’ என்று சொல்வதுண்டு. அழகான சொல்தான். ஆனால் பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறக்கும்போதே இரைப்பை இருக்கிறது. கொடுவாவுக்கு அது மூன்றாம் வாரத்தில்தான் அமைகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், தூள் உணவைத் தொடங்கும் நாளைக் குறிப்பதில் தவறு நேராது. குஞ்சு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வளர்ந்து, துடுப்புகள் பிரிந்து, உடல் மீன் வடிவத்துக்கு வந்த பிறகு தொடங்குங்கள். பெரும்பாலான தொட்டிகளில் அது 18ஆம் நாளுக்குப் பின்னரே அமையும்.

கேள்வி: ஆர்டீமியாவின் விலை எங்களைப் போன்ற சிறியவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதைக் கொடுக்கும் நாட்களைக் குஞ்சுக்குத் தீங்கில்லாமல் குறைக்க முடியுமா? எந்த வரிசையில் மாற்றுவது?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: குறைக்க முடியும். தொடக்க நாட்களில் வெட்டக் கூடாது என்பதே முதல் நிபந்தனை. எட்டாம், பத்தாம் நாளில் ஆர்டீமியாவைத் தொடங்கும்போது கஞ்சத்தனம் காட்டினால், இரைப்பை உருவாகும் வாரத்தில் குஞ்சு மெலிந்துபோய், பின்னால் தூள் உணவுக்கு மாறும் வலுவையே இழந்துவிடும். அந்த நாட்களில் நிறையக் கொடுத்துவிட்டு, மாற்றும் காலத்தைச் சிக்கனமாகவும் சீராகவும் நடத்துவதே இலாபம்.

மாற்றுவதில் இரண்டு உணவும் சேர்ந்து செல்லும் காலம் ஒன்று இருக்க வேண்டும். ஏழு முதல் பத்து நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் தின்னாமல் பசியோடு இருக்கும் குஞ்சுக்கு விடிந்ததும் முதலில் தூள் உணவையே கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் கொட்டாமல், இரண்டு விரலால் எடுத்துத் தொட்டியின் மேற்பரப்பில் உப்புத் தூவுவதுபோல் தூவி, சில நிமிடங்கள் நின்று பார்த்து, மீண்டும் தூவ வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் இப்படிக் கொடுத்த பிறகே ஆர்டீமியாவை விட வேண்டும். ஆர்டீமியாவை முதலில் விட்டால் வயிறு நிறைந்த குஞ்சு தூளைத் திரும்பியும் பார்க்காது. முதல் சில நாட்கள் ஆர்டீமியாவின் அளவைக் குறைக்காமல், காலையில் மட்டும் தூள் கொடுங்கள். பிறகு பகல் வேளைகளில் ஒவ்வொன்றாக ஆர்டீமியாவை நீக்கி, மாலை வேளையை மட்டும் கடைசி வரை வைத்திருங்கள். அதுவரை பழகாத குஞ்சுகள் அந்த ஒரு வேளையால் உயிர் பிழைக்கும்.

துகளின் அளவு வாயின் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 200, 300 மைக்ரானில் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தொடங்கி, குஞ்சு வளர வளர அடுத்த அளவைக் கலந்து கொடுத்து ஏற்றிக்கொண்டே போகலாம். புதிய அளவைத் திடீரென்று மாற்றினால் ஒரு நாள் தீனி வீணாகும். அளவோடு அசைவும் முக்கியம். ஆர்டீமியா துள்ளித் துள்ளி நீந்துகிறது. கொடுவா அந்தத் துள்ளலைக் கண்டே பாயும். தூளுக்கு உயிர் இல்லை, அது கீழே இறங்குகிறது. எனவே காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக் கற்களைத் தொட்டியின் அடியில் வைத்துக் காற்றை மெல்லத் திறந்து, நீர் மெதுவாக மேலெழுந்து சுழலும்படி செய்தால், துகள் சிறிது நேரம் நீரின் நடுவில் மிதந்து அலையும். அந்த அலைச்சலில்தான் குஞ்சு அதைப் பிடிக்கும். காற்றைக் கூட்டிவிட்டால் துகளைத் துரத்துவதிலேயே குஞ்சு களைத்துப்போகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பொரிந்து பல மணி நேரம் கழிந்த ஆர்டீமியா தன் உடலின் சேமிப்பைத் தானே எரித்துவிடுகிறது. மேலும் கடல்மீன் குஞ்சுக்கு இன்றியமையாத டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் அதில் இயல்பாகவே மிகக் குறைவு. மீன் எண்ணெயை நீரோடு அடித்துக் கலந்த குழம்பில் ஊட்டமேற்றிய ஆர்டீமியாவைக் குறைந்த அளவில் கொடுப்பது, வெறும் ஆர்டீமியாவை நிறையக் கொடுப்பதைவிட மேலானது. டின்னின் விலையில் நீங்கள் தேடும் சேமிப்பு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: கடையில் விற்கும் நுண்தூள் உணவுக்குப் பதிலாக, கருவாடு, சோயா மாவு, முட்டை ஆகியவற்றைக் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சலித்துக் கொடுக்கலாமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் வடிகட்டிய கடல்நீரை எடுத்துக்கொண்டு, நீங்கள் அரைத்த தூளில் ஒரு சிட்டிகை போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நீர் பால்போலக் கலங்கி, மேலே எண்ணெய்ப் படலம் மின்னும். அப்படிக் கலங்கியது எதுவோ, அதுதான் குஞ்சுக்குச் சேர வேண்டிய சத்து. துகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவு விரைவாக அதிலுள்ள அமினோ அமிலங்களும் உயிர்ச்சத்து சி போன்றவையும் நீரில் கரைந்துவிடும்.

இங்கேதான் இந்த உணவைத் தயாரிப்பவர்களின் உண்மையான சிக்கல் இருக்கிறது. சத்து கரையாமல் இருக்க ஆல்ஜினேட், ஜெலட்டின், சோளப் புரதமாகிய சீயின் முதலியவற்றால் துகளை இறுகக் கட்ட வேண்டும். இறுகக் கட்டினால் குஞ்சின் குடல் அதை அவிழ்க்க முடியாமல் அப்படியே வெளியேற்றிவிடும். தளர்வாகக் கட்டினால் வாய்க்குப் போகுமுன் பாதி நீருக்குப் போய்விடும். ஜப்பானியர் 1960களில் ரோட்டிஃபரைத் தொட்டியில் வளர்த்துக் கடல்மீன் குஞ்சுகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு மாற்று தேடும் முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. பிரான்சின் பிரெஸ்ட் நகரில் ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் ஐரோப்பியக் கடற்பாஸ் மீனின் நுண்குஞ்சுகளை, வாய் திறந்த நாள் முதல் தயாரித்த உணவைக் கொண்டே ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். முன்கூட்டியே நொதியால் ஓரளவு உடைத்த மீன் புரதத்தையும், லெசித்தினில் உள்ளது போன்ற பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு வகைகளை மிகுதியாகவும் சேர்த்ததே அவர்கள் கண்ட வழி. நுண்குஞ்சால் தனக்கு வேண்டிய அளவு பாஸ்போலிப்பிடுகளை உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவில் வந்தாக வேண்டும். ஆயினும் பொரிப்பகங்கள் இன்றும் ரோட்டிஃபரை விட்டுவிடவில்லை.

நீங்கள் சொல்லும் கலவை விரலளவு வளர்ந்த குஞ்சுகளுக்கு ஓரளவு உதவலாம். மூன்றாம் வாரத்துக் குஞ்சுக்கு அது வேண்டாம். கருவாட்டின் உப்பும், கெட்டு வாடையடிக்கும் எண்ணெயும் சேர்ந்து நன்மையைவிடத் தீமையே செய்யும். அந்தப் பத்து நாட்களுக்குத் தேவைப்படும் உணவு சில கிலோவுக்குள் அடங்கிவிடும். அதை மட்டுமாவது நல்லதாக வாங்குங்கள். வாங்கிய பையைத் திறந்து வைக்காமல், சிறு டப்பாக்களில் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஒரே வாரத்தில் துகள்கள் ஈரமேறிக் கட்டிதட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: கொடுவாவுக்குச் சொல்லும் இதே நாட்கணக்கைக் கடல் விராலுக்கும் பின்பற்றலாமா?
— வாசகர், மண்டபம்

பதில்: நாட்கள் சற்றே ஒத்துவந்தாலும் மீன் வேறு. உங்கள் ஊரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் 2010இல் கடல் விராலையும், 2011இல் வெள்ளிப் பாம்பனோவையும் இனப்பெருக்கம் செய்தார்கள். அதற்கு முன்பே, 1997இல் முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவில் வெற்றி கண்டிருந்தது. ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியே உணவு அட்டவணை வகுக்க நேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது.

கடல் விரால் பொரிக்கும்போதே கொடுவாவைவிட இரு மடங்குக்கும் மேல் நீளமாக, ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அதன் வளர்ச்சி மிக விரைவானது; அதனால் பசியும் பெரிது. 18 முதல் 21ஆம் நாளையொட்டி அது உருமாறும்போது தூள் உணவை ஏற்கும். ஆனால் ஒரு வேளை தவறினாலும் தாங்காது. உணவுக்கு இடையிலான நேரத்தைக் கொடுவாவைவிடக் குறுக்க வேண்டும். துகளின் அளவையும் விரைந்து ஏற்ற வேண்டும். பால்கெண்டையிடமோ இந்தத் தொல்லை குறைவு. ஒன்றையொன்று வேட்டையாடும் குணமில்லாத அது தூள் உணவை எளிதாகவே ஏற்றுக்கொள்ளும். புதிதாகத் தொழில் பழகுபவர்கள் அந்த மீனில் கையைப் பழக்கிக்கொண்டு கொடுவாவுக்கு வருவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: தூள் உணவு கொடுக்கத் தொடங்கிய பின் இறந்த குஞ்சுகளைவிடக் காணாமல் போன குஞ்சுகளே அதிகமாக உள்ளன. தொட்டியில் எண்ணிக்கை குறைகிறது, உடல்கள் கிடைப்பதில்லை. என்ன ஆகின்றன?
— வாசகர், கடலூர்

பதில்: உடன்பிறந்தவற்றின் வயிற்றில் இருக்கின்றன. கொடுவா தன் நீளத்தில் பாதிக்கும் மேற்பட்ட குஞ்சைக்கூட விழுங்கிவிடும். சில சமயம் அளவு தப்பி, வாயில் இன்னொரு குஞ்சின் வால் துருத்திக்கொண்டிருக்க, விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் சேர்ந்தே செத்து மிதப்பதைக் காணலாம். அப்படி ஒன்றைக் கண்டால், கண்ணில் படாமல் பல போய்விட்டன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உணவை மாற்றும் காலத்தில் இது பெருகுவதற்குக் காரணம் உண்டு. எல்லாக் குஞ்சுகளும் ஒரே நாளில் தூளைப் பழகுவதில்லை. முதலில் பழகியவை இரண்டே நாளில் மற்றவற்றைவிடப் பெருத்துவிடுகின்றன. பழகாதவை மெலிந்து, மெதுவாக நீந்தி, பெரியவற்றின் கண்ணுக்கு இரையாகவே தெரிகின்றன. ஆகவே தூள் உணவைப் பழக்குவதும் அளவு பிரிப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பிரித்தாக வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் ஒரே அளவில் துளையிட்டு, அதை நீரில் மிதக்கவிட்டுக் குஞ்சுகளை அதற்குள் விட்டால், சிறியவை தாமாகவே துளை வழியே வெளியே நீந்திவிடும். பெரியவை உள்ளே தங்கும். வலையால் அள்ளித் தரையில் கொட்டிப் பொறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வயதில் செதிலும் தோலும் அதைத் தாங்காது. பிரித்த அன்று தீனியைக் குறைத்து, மறுநாள் காலையில் வழக்கம்போல் தொடங்கலாம்.

பிரித்தெடுத்த சிறிய குஞ்சுகளைக் கழித்துவிட வேண்டாம். அவற்றைத் தனித்தொட்டியில் விட்டு, நான்கைந்து நாள் மீண்டும் ஆர்டீமியாவைக் கூட்டிக் கொடுத்து, பிறகு தூளைக் காட்டினால் பெரும்பாலானவை தேறிவிடும். எனக்கு இந்தத் தொழிலில் மிகுந்த மனநிறைவு தந்த காட்சி அதுதான்: ஒதுக்கிவைத்த தொட்டியில், ஒரு வாரம் கழித்து, தூவிய கையை நோக்கி அவை கூட்டமாகத் திரும்புவது.

கேள்வி: தூளுக்குப் பதிலாக மலிவான மீனை அரைத்துக் கொடுத்துப் பழக்கலாமா? இறால் குஞ்சுக்கான உணவு எங்களிடம் மிச்சம் இருக்கிறது, அதையாவது கொடுக்கலாமா?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: அரைத்த மீனைக் கொடுவா விரும்பித் தின்னும், முன்பு பல நாடுகளில் அப்படித்தான் பழக்கினார்கள். ஆனால் தொட்டி நீர் ஒரு வேளையில் கெட்டுவிடும். அதைவிட முக்கியமாக, பச்சை மீன் வழியாக நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோடா வைரஸ் தொட்டிக்குள் வரக்கூடும். அந்நோய் கண்ட குஞ்சுகள் உடல் கறுத்து, நிலைதடுமாறிச் சுழன்று நீந்தும். அதற்கு மருந்து கிடையாது. வேண்டாம். இறால் உணவு, அடியில் உட்கார்ந்து மெல்லக் கொறிக்கும் உயிருக்காகச் செய்தது. அது விரைவில் மூழ்கிவிடும். கொடுவாவோ தரையில் கிடப்பதைத் தேடித் தின்னாது. மூழ்கிய உணவு அழுகி அம்மோனியாவாகும். எந்த உணவானாலும் காலை, மாலை இரு வேளையும் அடியைக் குழாயால் உறிஞ்சித் துப்புரவு செய்யாமல் இந்தக் காலத்தைக் கடக்க முடியாது.

கேள்வி: நான் குளத்தில் வளர்ப்பவன். குஞ்சு வாங்கும்போது அவை உண்மையாகவே குறுணைக்குப் பழகியவைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சென்ற முறை வாங்கியவை தீனியைத் தொடவே இல்லை.
— வாசகர், இராமநாதபுரம்

பதில்: காலையில் தீனி போடுவதற்கு முன் பொரிப்பகத்துக்குப் போய்ச் சேருங்கள். உங்கள் எதிரிலேயே குறுணையைத் தூவச் சொல்லுங்கள். பழகிய குஞ்சுகள் கை நிழல் விழுந்ததுமே மேலே வந்து கூடும்; விழுந்த துகள் நீரில் இறங்குமுன் பறிக்கும். சில குஞ்சுகள் துகளை வாய்க்குள் வாங்கி உடனே துப்பும். அவை இன்னும் பழகவில்லை. தின்று முடித்ததும் ஒரு குவளையில் இருபது முப்பது குஞ்சுகளை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வயிறு பருத்திருக்க வேண்டும். முதுகின் பக்கம் சதை பிடித்திருக்க வேண்டும். தலை மட்டும் பெரிதாகத் தெரியக் கூடாது. ஆர்டீமியாவை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வயிறு நிறைந்தும் செரிக்காமல் மெலிகின்ற குஞ்சு அதற்குள் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வாங்கி வரும்போது அங்கே கொடுத்துக்கொண்டிருந்த அதே உணவில், அதே அளவில், பத்து நாளைக்கு வேண்டியதையும் கையோடு வாங்கி வாருங்கள். குஞ்சுகளை நேரே குளத்தில் விடாமல், குளத்துக்குள் கட்டிய ஹாப்பா என்னும் சிறுகண் வலைத்தொட்டியில் விட்டு, முதலில் அந்த உணவையே கொடுங்கள். புது நீரையும் புது உணவையும் ஒரே நாளில் அவற்றின்மேல் சுமத்தாதீர்கள். உங்கள் உணவை நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாம்.